இரண்டு முறை பழுதான புதிய படகு இன்ஜின்: பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: பினாங்கு, பத்து மாவுங்கில் வசிக்கிறேன். வார இறுதிகளில் மைத்துனருடன் தூண்டில் போடச் செல்லும் ஃபைபர் படகுக்காக, 7 மாதங்களுக்கு முன் 60 குதிரைத்திறன் கொண்ட புதிய அவுட்போர்ட் இன்ஜின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) ஒன்றை 38,500 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். மொத்தம் 46 மணி நேரமே ஓடியிருந்த நிலையில், ஜெரெஜாக் தீவுக்கு அப்பால் எச்சரிக்கை ஒலி எழுப்பிவிட்டு நின்றுபோனது. வேறொரு படகுதான் எங்களைக் கரைக்கு இழுத்து வந்தது. இன்ஜின் எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறியிருந்தது. கடைக்காரர் கேஸ்கெட்டை, அதாவது நீரும் எண்ணெயும் கலக்காமல் தடுக்கும் அடைப்புத் தகட்டை, மாற்றித் தந்தார். அடுத்த 11 மணி நேர ஓட்டத்திலேயே அதே கோளாறு திரும்பியது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது சிலிண்டர் பக்கத்தில் விரல் நுனி அளவுக்குச் சாம்பல் நிறப் பசை பூசப்பட்டிருந்தது. இப்போது அவர், ‘ஓட்டியபின் நல்ல தண்ணீரில் அலசவில்லை, உத்தரவாதம் செல்லாது’ என்கிறார். மீண்டும் பழுதுபார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. பணத்தைத் திரும்பப் பெற வழியுண்டா? இன்ஜினைத் தயாரித்த நிறுவனம் ஜப்பானில் இருக்கிறது.

பதில்: அன்புடையீர், வழியுண்டு. கடைக்காரரும் நீங்களும் உத்தரவாதக் கையேட்டை வைத்தே வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள்; உங்கள் முதன்மையான உரிமையோ அந்தக் கையேட்டில் இல்லை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில், அதாவது அதற்குரிய பயனுக்கு ஏற்றதாகவும் பாதுகாப்பானதாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்கும் என்ற உத்தரவாதத்தை விற்பவர்மீது தானாகவே சுமத்துகிறது. இதை எந்த ஒப்பந்தத்தாலும் விலக்கி வைக்க முடியாது என்று 6ஆவது பிரிவு கூறுகிறது. ஆகவே, ‘பழுதுபார்த்துத் தருவது மட்டுமே எங்கள் கடமை’ என்று கையேடு சொன்னாலும், அந்த வாசகம் சட்டம் தந்த உரிமையைக் குறைக்காது.

அந்த உரிமையின் அளவு, குறையின் தன்மையைப் பொறுத்தது. சரிசெய்யக்கூடிய குறையாக இருந்தால், நியாயமான காலத்துக்குள் அதைச் சரிசெய்யும் வாய்ப்பை விற்பவருக்குத் தர வேண்டும். அதை நீங்கள் ஒருமுறை தந்துவிட்டீர்கள். சரிசெய்ய முடியாத குறையாகவோ கணிசமான குறையாகவோ இருந்தால், 41ஆவது பிரிவின்படி பொருளையே நிராகரிக்கலாம். இந்தக் குறை முன்பே தெரிந்திருந்தால் நியாயமான எந்த வாடிக்கையாளரும் வாங்கியிருக்க மாட்டார் என்னும்படியான குறையையும், பொருளைப் பாதுகாப்பற்றதாக்கும் குறையையும் 44ஆவது பிரிவு கணிசமான குறை என்றே கொள்கிறது. கப்பல்கள் போய்வரும் நீரிணையில் திடீரென நின்றுபோகும் இன்ஜின் பாதுகாப்பானது என்று கடைக்காரரால் சொல்லிவிட முடியாது.

ஆனால் அவருடைய வாதத்தை அலட்சியம் செய்துவிடாதீர்கள், ஏனெனில் பொருளை முறையற்று நடத்தியதால் வந்த கோளாறுக்கு விற்பவர் பொறுப்பல்ல. கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் இன்ஜினை அலசாமல் விட்டால் நீர்ப்பாதைகளில் உப்பு படியும். உப்பு அடைத்தால் இன்ஜின் சூடேறி, கேஸ்கெட் பழுதாகி, எண்ணெயில் நீர் கலக்கவும் கூடும். இன்ஜினின் உலோக வார்ப்பிலேயே நுண்துளை இருந்தாலும் எண்ணெய் இதே நிறத்துக்குத்தான் மாறும். இரண்டில் எது என்பதை உங்கள் சொல்லாலோ அவர் சொல்லாலோ தீர்மானிக்க இயலாது. கடைக்குத் தொடர்பில்லாத ஒரு கடற்கல ஆய்வாளர் நீர்ப்பாதைகளில் உப்புப் படிவு உள்ளதா, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் நீரை இறைக்கும் இம்பெல்லரும் எந்த நிலையில் உள்ளன, அழுத்தச் சோதனையில் காற்று எங்கே கசிகிறது என்று பார்த்து எழுத்தில் தர வேண்டும். இன்ஜினின் கணினியில் ஓட்ட நேரமும் எச்சரிக்கைகளும் பதிவாகியிருந்தால் அவற்றையும் அச்சிட்டுக் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் என் கவனத்தைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பசைதான். கேஸ்கெட்டை மட்டும் மாற்றியதாக ரசீது கூறுகிறது. பசை பூசியதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அது கசிவை அடைக்கப் பட்டறையில் பூசப்பட்டதென்றால், முதல் பழுதின்போதே உலோகத்தில் கசிவு இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்ற முடிவுக்கு, பின்னர் வழக்கை விசாரிக்கும் நடுவர் வருவதற்கு அது வலுவான காரணமாகும். ஆலையிலேயே பூசப்பட்டதென்றால், குறை பிறவியிலேயே இருந்தது என்பதற்குச் சான்றாகும். ஆகவே அளவுகோலை அருகில் வைத்து, இன்ஜினின் தொடர் எண்ணும் தெரியும்படி அதைப் படமெடுங்கள். நீங்களோ உங்கள் ஆய்வாளரோ இல்லாத இடத்தில் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். ‘பட்டறையின் முடிவே இறுதியானது’ என்ற வரியுள்ள படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையொப்பமிட்ட பிறகே படிவத்தைத் தாருங்கள்.

நிராகரிப்பை நியாயமான காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால் தாமதிக்க வேண்டாம். குறை என்ன, எந்தத் தேதிகளில் நேர்ந்தது, இன்ஜினை நிராகரிக்கிறேன், விலையைத் திருப்பித் தருக என்று கடைக்கு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதம் தேசிய மொழியில் இருப்பது பின்னர் உதவும். படகில் பொருத்திய பொருளைத் திரும்பப் பெற முடியாது என்று அவர் சொல்லக்கூடும். சேதமின்றிப் பிரிக்க இயலாதபடி வேறொன்றோடு இணைந்துவிட்ட பொருளுக்குத்தான் அந்தத் தடை. அவுட்போர்ட் இன்ஜினோ படகின் பின்பலகையில் போல்ட்டுகளால் மாட்டப்படுவது, கழற்றினால் படகுக்கும் சேதமில்லை, இன்ஜினுக்கும் சேதமில்லை. 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள அதைக் கடைக்குக் கொண்டுசேர்க்கக் கணிசமான செலவாகும் என்றால், தம் செலவில் எடுத்துச் செல்வது விற்றவரின் பொறுப்பு என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

ஜப்பானுக்கு எழுதி அலையத் தேவையில்லை. வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இங்கே வணிக இடம் இல்லையென்றால், பொருளை இறக்குமதி செய்தவரையும் விநியோகித்தவரையும் இச்சட்டம் தயாரிப்பாளராகவே கருதுகிறது. இழப்பீடு அவரிடமும் கேட்கலாம். ஆனால் நிராகரிப்பும் விலையைத் திருப்பிக் கேட்பதும் விற்றவரிடம் மட்டுமே. விற்றவரையும் இறக்குமதி செய்தவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

கடிதத்துக்குப் பலனில்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். அதன் வரம்பு 50,000 ரிங்கிட். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கை எழுந்ததிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். விலையோடு, பொருத்துகூலி, படகை இழுத்து வந்த செலவு, ஆய்வாளர் கட்டணம் ஆகியவற்றையும் ரசீதுகளுடன் சேர்த்துக் கேளுங்கள். விசாரணையில் பொதுவாக வழக்கறிஞர் எவரும் தரப்பினருக்காக நிற்கக் கூடாது என்பதால் நீங்களே பேச வேண்டும். அதற்கு மேற்சொன்ன ஆவணங்களே போதும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. ரசீது உங்கள் பெயரில் உள்ளதா, நிறுவனப் பெயரிலா? எப்போதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் சென்றதுண்டா? இச்சட்டம் சொந்த, குடும்பப் பயனுக்கு வழக்கமாக வாங்கப்படும் பொருளை வாங்கியவருக்கே பொருந்தும் என்பதால், மறுதரப்பு முதலில் எழுப்பக்கூடிய கேள்வி இதுவே. நிறுவனப் பெயரில் வாங்கியிருந்தால் கடிதம் அனுப்புவதற்கு முன் எனக்கு எழுதுங்கள். 1957ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின்கீழ் வேறு விதமாக அதை அமைக்க வேண்டியிருக்கும். எப்படியானாலும், இன்றிலிருந்து அந்த இன்ஜினை ஒருமுறைகூட முடுக்கிப் பார்க்காதீர்கள். நீர் கலந்த எண்ணெயில் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே புதிய சேதத்தை உண்டாக்கும், பிறகு எது பிறவிக் குறை, எது பின்னால் வந்தது என்று ஆய்வாளராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும்.