51 பவுன் யார் கணக்கு?

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் வீடு. நான் திருவனந்தபுரத்தில் ஐடி கம்பெனியில் இருக்கிறேன், கைக்கு வருவது 48,000 ரூபாய். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை. இருபது வருஷம் கழித்து ஆல்பத்தைத் திறந்தாலும் பழைய ஃபேஷன் என்று யாரும் சிரிக்கக் கூடாது, பாட்டி காலத்துக் கல்யாணம் மாதிரி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் 31 பவுன் இருக்கிறது. அதில் 11 பவுன் பாட்டியுடைய காசுமாலை, அட்டியல், பாம்படம். மாமா (அம்மாவின் அண்ணன்) 51 பவுன் போட்டால்தான் மரியாதை என்கிறார். பாட்டி நகையையும் அழித்துப் புதுசாகச் செய்யச் சொல்கிறார். மீதி 20 பவுனை 'ஆன்டிக்' டெம்பிள் டிசைனில் எடுக்க நான் 10 லட்சம் பெர்சனல் லோன் போடுவதாகவும், அப்பா ஓய்வுபெற்றபோது வந்த 14 லட்சம் டெபாசிட்டை உடைப்பதாகவும் பேச்சு. கல்யாணம் முடிந்ததும் நகையை வைத்து லோனை அடைத்துவிடலாம். அக்கா கல்யாணத்துக்கும் அப்படித்தான் செய்தோம். அதில் பாதி நகை நாலு வருஷமாக பேங்கில்தான் இருக்கிறது. என் சேமிப்பு 6 லட்சம் சாப்பாடு, மண்டபத்துக்கு. பாரம்பரிய தீம் அலங்காரத்துக்கு பிளானர் 4.5 லட்சம் கேட்கிறார், அதை ஆப்பில் தவணையாகக் கட்டலாமாம். எந்த பேங்கில் வட்டி குறைவு?

பதில்: எந்த பேங்கில் வட்டி குறைவு என்று நான் சொல்லப்போவதில்லை. ஐடியில் இருக்கிறீர்கள், பத்து நிமிஷத்தில் நீங்களே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: "அக்கா கல்யாணத்துக்கும் அப்படித்தான் செய்தோம்." வாங்குவது, போடுவது, வைத்து அடைப்பது. உங்கள் வீட்டில் இது ஒரு தடவைத் தவறாக இல்லாமல் வழக்கமாகவே ஆகிவிட்டது. அக்கா நகை இன்னும் திரும்பாதபோதே உங்கள் நகைக்கும் அதே வழி பேசப்படுகிறது.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். விலை தினமும் ஆடுவதால் பவுன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பவுன், 20 லட்சம். ஆன்டிக் வேலைப்பாட்டுக்குச் சேதாரம் சாதாரண செயின் மாதிரி வராது. 18 சதவீதம் என்றால் 3.6 லட்சம். அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 24.3 லட்சம். கடைப்படி இறங்கும்போதே 4.3 லட்சம் போய்விட்டது. 10 லட்சம் லோன் 13 சதவீதத்தில் ஐந்து வருஷம் என்றால் மாதம் 22,750, வட்டி மட்டும் 3.65 லட்சம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய எட்டு லட்சம். 20 பவுன் போட 8 பவுன் விலையைத் தண்டம் கொடுக்கிறீர்கள். அப்பாவின் 14 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றாலும் மாதம் 8,000 வந்துகொண்டிருக்கும், அதுவும் நின்றுபோகும். அதை நான் இந்த எட்டில் சேர்க்கவே இல்லை.

'வைத்து அடைப்பது' எப்படி நடக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். பேங்கில் மதிப்பீட்டாளர் ஆரத்தை வாங்கி உரைகல்லில் ஒரு தேய்ப்பு தேய்ப்பார், எடை போடுவார், பிறகு கல் எடையைக் கழிப்பார். டெம்பிள் டிசைனில் கல்லுக்கா பஞ்சம்? வாங்கும்போது கல் எடையைத் தனியாகக் காட்டாத பில்லாக இருந்தால், கல்லுக்கும் தங்க விலை கொடுத்திருப்பீர்கள். 20 பவுன் அங்கே 18 ஆனாலும் வியப்பில்லை. சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் அவர் கணக்கில் பூஜ்யம். முக்கால் பங்கு மதிப்புக்குக் கடன் என்றால் 13.5 லட்சம் வரை கிடைக்கும், உங்கள் 10 லட்சத்துக்கு அது போதும்தான். ஆனால் அடைந்தது எது? பெர்சனல் லோன் நகைக்கடனாகப் பெயர் மாறியது, அவ்வளவுதான். 9 சதவீதம் என்றாலும் வருஷம் 90,000 வட்டி. பெரும்பாலும் ஒரு வருஷக் கெடு. முதலைக் கட்ட முடியாமல் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பீர்கள், அக்கா வீட்டில் நடப்பதுபோல. லோனை முன்கூட்டி அடைக்கப் பல பேங்குகள் தனியாக ஒரு கட்டணமும் பிடிக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் புதுப்பெண்ணின் கழுத்து காலியானால் புகுந்த வீட்டில் யார் என்ன நினைப்பார்கள்? ஒன்றும் கேட்காத வீட்டுக்கு நீங்களே ஒரு கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஆகும்.

"தங்கம் ஏறுமே" என்பீர்கள். ஏறட்டும். கையிலுள்ள 31 பவுனும் சேர்ந்துதானே ஏறுகிறது? கடனில் வாங்கிய தங்கம் சேதாரத்தையும் வரியையும் தாண்டி, அதன்மேல் வருஷம் 13 சதவீதத்தையும் தாண்டி ஏறினால்தான் லாபம். அதுவும் விற்றால்தான். கல்யாண நகையை நம் ஊரில் யார் விற்றிருக்கிறார்கள்?

சரி, உங்கள் ஆசைக்கு வருகிறேன். அதில் ஒரு குறையும் இல்லை, செலவு குறைந்த ஆசையும்கூட. எனக்குப் புரியாதது, பாட்டியின் அசல் காசுமாலையை அழித்துவிட்டு, பாட்டி காலத்து மாதிரி தெரியும் புது நகைக்கு 18 சதவீதம் சேதாரம் கொடுப்பது. பழைய நகையை அழித்தால் அங்கே ஒரு கழிவு, புதிதுக்கு இன்னொரு சேதாரம். மெருகு மட்டும் போடுங்கள். பாம்படத்தை வேண்டுமானால் மாற்றுங்கள், இன்றைய காதுக்கு அது ஆகாது. சாமி சிலைக்கும் பரதநாட்டியத்துக்கும் செய்கிற கெம்புக்கல் நகைதான் வேண்டும் என்றால் நாகர்கோவில் வடசேரிக்குப் போங்கள். வெள்ளியில் செய்து பொன் பூசிக் கல் பதிப்பார்கள். நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. ஒட்டியாணம், தோளில் மாட்டும் வங்கி, நெற்றிச்சுட்டி வரை அங்கே எடுக்கலாம். படத்தில் அசலாகவே நிற்கும், பேங்கில் வைத்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, தேறாது என்பதையே நான் பெரிய வசதியாகச் சொல்வேன்.

பிளானரின் 4.5 லட்சத்தைப் பற்றிப் பேசவே எரிச்சலாக இருக்கிறது. தோவாளைப் பூச்சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் வாழையும் வெளிநாட்டுப் பூவும் வைத்து அதற்குப் 'பாரம்பரிய தீம்' என்று பெயர். குலைவாழை, குருத்தோலைத் தோரணம், தோவாளை மாலை, இலையில் அவியலும் எரிசேரியும், பாயாசத்தில் மட்டிப்பழத்தைப் பிசைந்து பப்படம் நொறுக்கிச் சாப்பிடும் பந்தி: இதற்கு ஊர்ப் பந்தல்காரரும் நல்ல சமையல்காரரும் போதும். தேதியில் மட்டும் கவனம். அத்தம் தொடங்கித் திருவோணம் வரையான பத்து நாளில் தோவாளைப் பூ கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகும். பூ, இலை, ஏத்தன் குலை எல்லாம் ஏறிவிடும். முகூர்த்தம் அதற்குள் விழுந்தால் ஒரு வாரம் தள்ள முடியுமா என்று கேளுங்கள். ஆப்பில் தவணை வேண்டவே வேண்டாம். 'வட்டியே இல்லை' என்று வருவதிலும் பிராசஸிங் கட்டணம் ஒளிந்திருக்கும். டிஜிட்டல் தங்கம் என்று யாராவது வந்தாலும் தள்ளி நில்லுங்கள், அது தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது.

நான் செய்யச் சொல்வது இது. லோன் கிடையாது. உங்கள் 6 லட்சத்தோடு அப்பா 5 லட்சம் மட்டும் எடுக்கட்டும். 9 லட்சம் அப்படியே கிடக்கட்டும். எட்டு லட்சத்துக்குள் சாப்பாடு, மண்டபம், துணி, போட்டோ, பந்தல் எல்லாம் அடங்க வேண்டும். மிச்சம் 3 லட்சத்தில் தாலிச்செயினும் வளையலும், கல் இல்லாமல், ஹால்மார்க்கின் ஹெச்.யு.ஐ.டி எண் போட்டு, பில் உங்கள் பெயரில். லாக்கரும் உங்கள் பெயரில். லோனுக்குக் கட்டத் தயாராயிருந்த அந்த 22,750-ஐ கல்யாணம் வரை மாதாமாதம் அக்கா நகைக்கடனில் கட்டுங்கள். அக்காவிடம் பிறகு கணக்கு தீர்த்துக்கொள்ளலாம்.

மாமாவிடம் நீங்கள் பேச வேண்டாம், அப்பா பேசட்டும். நகைக்கடைக்குப் போகும் முன்பே பேசட்டும், கடைக்குள் நின்று பேசினால் மாமாதான் ஜெயிப்பார். சண்டை தேவையில்லை. லோன் தவணைத் தாளை எடுத்து நீட்டி, "மச்சான், இதுல ஜாமீனுக்கு ஒங்க கையெழுத்து ஒண்ணு வேணும்" என்று கேட்டால் போதும், 51 தானாக இறங்கும். இறங்காமல், பவுன் குறையக் கூடாது என்று அவரே போட முன்வந்தால் தடுக்காதீர்கள். கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு வரும் பரிசுக்கு வருமான வரி கிடையாது, உச்ச வரம்பும் கிடையாது. அதையும் அப்பா அவரிடம் சொல்லி வைக்கட்டும்.