விண்டோஸ் 7 கணினிக்கு எந்த உலாவி?

வணக்கம் நண்பரே. தண்டையார்பேட்டை வீட்டில் 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7; குரோம் அப்டேட் ஆகவில்லை, வங்கித் தளம் 'பழைய உலாவி' என்று தடுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை. விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109தான், 2023 தொடக்கத்தில். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அதுவேதான் வரும். எட்ஜும் அப்படியே.

அவசரத்துக்குப் பயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவுப் பதிப்பு) போடுங்கள், ஓடும். ஆனால் வங்கி வேலை அதில் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 7-க்கே பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. மேலே எந்த உலாவி இருந்தாலும் அடித்தளம் ஓட்டைதான்.

ராயபுரத்தில் என் அப்பாவின் கணினிக்கும் இதே கதி. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச, இலகுவான இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். பயர்பாக்ஸ் அதிலேயே இருக்கும். யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியை மட்டும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், விளம்பரச் சுமை குறையும். அப்பா இப்போது கரண்ட் பில் கட்டுவதும் அதில்தான்.

நிறுவும் முன் போட்டோக்களையும் குரோம் புக்மார்க்குகளையும் வேறு டிஸ்கில் எடுத்து வைத்துவிடுங்கள். எங்காவது சிக்கினால் திரையைப் படமெடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.