இழுவைக்கு ஏற்ற பின்பம்பர்: கேள்வி பதில்

கேம்பர் ட்ரெய்லரையோ கேரவனையோ கரடுமுரடான தடங்களில் இழுத்துச் செல்ல விரும்புகிறவர்கள் பின்பம்பரைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் வசிப்பவர்கள் என்பதால், அந்நாட்டு விதிகளையும் அங்கு ஓடும் வண்டிகளையும் வைத்தே பதில்கள் அமைந்துள்ளன.

கேள்வி (மெல்பேர்ன்): வணக்கம் ஐயா. பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் கனமான எஃகுப் பின்பம்பர் ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் டோ பாலைச் (ட்ரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டைச்) செருகுவதற்கான சதுரத் துளையும் உள்ளது. "ஆறு மில்லிமீட்டர் தகடு, எதையும் தாங்கும்" என்கிறார். 2 டன் கேரவனை இதில் மாட்டலாமா?

பதில்: துளை இருப்பதாலேயே அது இழுவைக்கு ஏற்ற பம்பர் ஆகிவிடாது. சந்தையில் கிடைக்கும் எஃகுப் பின்பம்பர்கள் இரண்டு வகைப்படும். ஒரு வகை, பாறையிலும் மரக்கட்டையிலும் இடிபடும்போது வண்டியின் உடலைக் காப்பதற்கும், மிதிபடியாகவும் ஸ்பேர் வீல் தாங்கியாகவும் பயன்படுவதற்கும் மட்டுமே செய்யப்பட்டது. மற்றொன்று, டோ பாலைத் தாங்கும் சட்டமான டோ பாரையே தன் உடலின் பகுதியாகக் கொண்டு, இழுவைச் சுமைக்கெனச் சோதிக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்.

இழுவைச் சுமை பம்பரின் தகட்டில் நிற்பதில்லை; சேஸியின் இரு நெடுஞ்சட்டங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். நல்ல அமைப்பில், பம்பரிலிருந்து முன்னோக்கி நீளும் கைகள் சட்டங்களின் பக்கவாட்டில் பல போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். காப்புக்கு மட்டுமான பம்பரோ, பழைய பம்பர் மாட்டப்பட்டிருந்த சிறிய தாங்கிகளிலேயே நின்றுகொண்டிருக்கும். அந்தத் தாங்கிகள் பம்பரின் சொந்த எடையைச் சுமப்பதற்காக அமைந்தவை. டோ பால் ஒவ்வொரு பள்ளத்திலும் கீழ்நோக்கி அழுத்தி, மேட்டில் மேல்நோக்கி உதறும்போது உண்டாகும் திருகுவிசைக்கு அவை ஈடுகொடுக்க மாட்டா. ஆகவே தகட்டின் தடிமன் இங்கே பெரிய பொருட்டல்ல.

அடுத்து, தகவல் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்திரேலிய வாகன வடிவமைப்பு விதிகளில் 62ஆம் விதி, டோ பாரின் மீது தயாரிப்பாளரின் அடையாளமும், அது பொருந்தும் வண்டியின் விவரமோ பாக எண்ணோ, இழுக்கும் திறனும் குறிக்கப்பட வேண்டும் என்கிறது. தகடு இல்லையென்றால் அந்தப் பம்பரின் இழுவைத் திறன் பூஜ்யம் என்றே கொள்ளுங்கள். தகடு இருந்தாலும், அது உங்கள் வண்டியின் மாடலுக்கு உரியதுதானா என்று பாருங்கள். வண்டி, டோ பார், துளைக்குள் செருகிப் பாலைத் தாங்கும் நாக்கு, பால், அந்தப் பாலைக் கவ்வும் ட்ரெய்லரின் கப்ளிங் ஆகிய ஐந்தில் எதற்கு மிகக் குறைந்த எண் எழுதப்பட்டிருக்கிறதோ, அதுவே உங்கள் வரம்பு. 3,500 கிலோ என்று பொறித்த 50 மில்லிமீட்டர் பால் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டிவிட்டு வண்டியின் திறனே கூடிவிட்டதாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி (சிட்னி): லேண்ட்குரூசர் 300 வைத்திருக்கிறேன். கேரவன் 3,000 கிலோ. இரண்டு ஸ்பேர் வீல்களைச் சுமக்கும் பின்பம்பர் போடலாம் என்று எண்ணுகிறேன். வண்டியின் திறன் 3,500 கிலோ என்பதால் கவலை இல்லைதானே?

பதில்: கவலைப்பட வேண்டிய இடம் வேறு. 3,500 என்பது இழுக்கும் திறன். வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடியது தனிக் கணக்கு. லேண்ட்குரூசர் 300-இன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,280 கிலோ. உங்கள் ரகத்தின் தன் எடையை 2,600 என்று வைத்துக்கொண்டால், சுமப்பதற்கு மிஞ்சுவது 680 கிலோ. 3,000 கிலோ கேரவன் நிலையாக ஓட வேண்டுமானால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 300 கிலோ, டோ பாலின் மீது அமர வேண்டும். அந்த 300 கிலோவும் வண்டியின் சுமையாகவே எண்ணப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மீதி 380. குடும்பத்தினருக்கு 260 போனால் 120. கனமான பம்பரும், வீல் தாங்கிகளும், கூடுதலான ஒரு வீலும் சேர்ந்து, கழற்றிய பாகங்களின் எடையைக் கழித்த பிறகும் 100 கிலோ கூட்டினால், குளிர்பெட்டிக்கும் தண்ணீருக்கும் கருவிகளுக்கும் எஞ்சுவது 20 கிலோ மட்டுமே.

இதோடு முடியவில்லை. டோ பால் பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் அங்கே நெம்புகோல் வேலை நடக்கிறது. அச்சிலிருந்து பால் 1.25 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். வண்டியின் இரு அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2.85 மீட்டர். பாலின் மேல் வைத்த 300 கிலோ, பின் அச்சில் சுமார் 430 கிலோவாக இறங்குகிறது. முன் அச்சிலிருந்து 130 கிலோவைத் தூக்கிவிடுகிறது. திருப்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் முன் சக்கரங்களையே நம்பியிருக்கும் வண்டியில் இது சிறிய இழப்பன்று. பின்பம்பரின் எடையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் அமர்கிறது. பின் அச்சுக்கென்று தனி வரம்பும் உண்டு. மொத்த எடை சரியாக இருக்கும்போதே அதைத் தாண்டிவிடலாம்.

என் ஆலோசனை: இரட்டை வீல் தாங்கியை விட்டுவிடுங்கள். டோ பார் இணைந்த எளிய பம்பரைப் போட்டு, இரண்டாவது ஸ்பேர் வீலைக் கேரவனில் அதன் அச்சுகளுக்கு அருகே வையுங்கள். பிறகு கேரவனை மாட்டியபடியே வே பிரிட்ஜுக்குப் போய், ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். விற்பனைத் தாளில் அச்சிட்ட எண்களைவிட அந்தச் சீட்டுக்குத்தான் மதிப்பு.

கேள்வி (பிரிஸ்பேன்): என்னுடையது இரட்டைக் கேபின் யூட் (பின்னால் சுமைத்தட்டு உள்ள பிக்கப்). பின்புறம் தாழ்ந்துவிடுகிறது. கனமான பின்பம்பருடன், லீஃப் ஸ்பிரிங்குக்கு (அடுக்குத் தகட்டு ஸ்பிரிங்குக்கு) உதவியாக, சுமையைத் தாங்கும் காற்றுப்பையான ஏர்பேக் வைத்துக்கொள்ளலாமா, அண்ணா?

பதில்: தாழ்ந்த வண்டியை நிமிர்த்துவதால் சுமை குறைவதில்லை. லீஃப் ஸ்பிரிங் தன் இரு முனைகளின் வழியாகச் சுமையைச் சேஸியில் பகிர்ந்து இறக்குகிறது. இடையில் ஏர்பேக் வைத்தால், சுமையின் பெரும்பகுதி அச்சுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் குவிகிறது. பின்னால் நீண்ட தட்டு, அதன் கடைசியில் கனமான பம்பர், அதற்கும் பின்னால் டோ பால் எடை என்று எல்லாம் சேர்ந்து அந்தப் புள்ளியில் சேஸியை மடக்கப் பார்க்கின்றன. கேபினுக்கும் தட்டுக்கும் நடுவே சேஸி வளைந்துபோன யூட்டுகளை இந்நாட்டில் பார்ப்பது அரிதன்று. மேடுபள்ளமான தடத்தில் வேகமாகப் போகும்போது நடப்பது அது. தட்டில் உள்ள கனமான பொருட்களை அச்சுக்கு முன்னே நகர்த்துங்கள், இலகுவான பம்பரைத் தேர்ந்தெடுங்கள், ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியிருந்தால் உங்கள் நிரந்தரச் சுமைக்கு ஏற்ற லீஃப் ஸ்பிரிங்கையே போடுங்கள். இத்தனைக்குப் பிறகும் வண்டி தாழ்ந்தே நின்றால், கேரவன் பெரியது என்று பொருள்.

கேள்வி (பெர்த்): மணலில் சிக்கினால் டோ பாலில் பட்டையை மாட்டி இழுக்கிறார்கள். பம்பர் வலுவானதாக இருந்தால் அதில் தவறு உண்டா?

பதில்: உண்டு, பம்பர் எவ்வளவு வலுவாக இருந்தாலும் உண்டு. ஸ்னாட்ச் ஸ்ட்ராப் எனப்படும் அந்த மீட்புப் பட்டை ரப்பரைப்போல நீண்டு, ஆற்றலைச் சேர்த்து வைத்து, ஒரே உதறலில் விடுவிக்கிறது. டோ பாலின் கழுத்து அந்த உதறலுக்காக வடிவமைக்கப்படவில்லை. அது முறிந்தால், இரும்புக் குண்டு பட்டையோடு பறந்து எதிர் வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வண்டியைக் கப்பலில் ஏற்றும்போது கட்டி வைப்பதற்கென்று தொழிற்சாலையில் வைத்த வளையங்களும் இதற்கு உதவா.

ரிசீவர் எனப்படும் அந்தச் சதுரத் துளையிலிருந்து பாலின் நாக்கைக் கழற்றிவிட்டு, மீட்புக்கென்றே செய்யப்பட்ட இரும்புக் கட்டியைச் செருகி, 4.75 டன் எனப் பொறித்த ஷேக்கிளை (U வடிவ இரும்புக் கொக்கியை) அதில் மாட்டுவதே சரியான முறை. இழுப்பு நேர்கோட்டில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் ரிசீவரே கோணிப்போகலாம். கட்டி கைவசம் இல்லாதபோது பட்டையின் கண்ணைத் துளைக்குள் விட்டுக் குறுக்கு ஆணியைச் செருகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த ஆணி வளைந்துவிட்டால் பிறகு எடுக்கவே வராது என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பட்டையின் குறைந்தபட்ச முறிவு வலிமை, இரண்டு வண்டிகளில் இலகுவானதன் மொத்த எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். பம்பரின் இரு ஓரங்களிலும் அழகாகப் பற்றவைத்த காதுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். தயாரிப்பாளர் அவற்றின் மீட்புத் திறனை எழுத்தில் தராவிட்டால் அவை அலங்காரம்தான்.

கேள்வி (அடிலெய்டு): ஜிம்னிக்கு எஃகுப் பின்பம்பரும் டோ பாரும் போட்டால், பள்ளத்திலிருந்து ஏறும்போது பின்புறம் தரையில் இடிக்குமா?

பதில்: மூன்று கதவு ஜிம்னியின் பின்புற விலகு கோணம் (பின்புறம் தரையில் இடிக்காமல் சமாளிக்கக்கூடிய சரிவு) 49 பாகை, மிகச் சில வண்டிகளுக்கே இது வாய்க்கிறது. பம்பருக்குக் கீழே ரிசீவர் தொங்கும் சாதாரண டோ பாரை மாட்டினால், அந்த நன்மையைக் கணிசமாக இழப்பீர்கள்; கூடவே, மண்ணைக் கலப்பைபோல உழுதுகொண்டும் போவீர்கள். ரிசீவரைப் பம்பரின் உடலுக்குள்ளேயே உயர்த்தி அமைத்த வகை இதற்குப் பொருத்தமானது. அதில் ட்ரெய்லர் மட்டமாக நிற்பதற்குக் கீழிறங்கிய நாக்கு தேவைப்படும். ட்ரெய்லர் இல்லாத நாட்களில் நாக்கைக் கழற்றி உள்ளே போட்டுவிடலாம். அப்படிக் கழற்றுவது வேறொரு விதத்திலும் நல்லது: பல மாநிலங்களில், இழுவை இல்லாத நேரத்தில் டோ பால் நம்பர் பிளேட்டை மறைத்தால் அபராதம் விதிக்கப்படும்.

எடையையும் மறவாதீர்கள். அந்த வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,435 கிலோ. தன் எடை போக 340 கிலோ அளவுக்கே இடம் உண்டு. பெரிய லேண்ட்குரூசரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய பம்பர், ஜிம்னியில் ஒரு பயணியின் இருக்கையைப் பறித்துவிடும். அலுமினியம் அல்லது மெல்லிய குழாய் அமைப்பைப் பாருங்கள்.

கேள்வி (டார்வின்): பம்பரில் பாதுகாப்புச் சங்கிலிக்கு எத்தனை வளையங்கள் இருக்க வேண்டும்? பிரேக் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: ட்ரெய்லரின் மொத்த எடை 2,500 கிலோ வரை குறைந்தது ஒரு சங்கிலி, அதற்கு மேல் 3,500 வரை இரண்டு. எனவே இரு பக்கமும் வளையமுள்ள பம்பரையே வாங்குங்கள். சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினால், கப்ளிங் கழன்றாலும் ட்ரெய்லரின் மூக்கு தரையில் குத்தாது. 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக்கும், 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், கழன்றால் தானே பிடிக்கும் அமைப்பும் தேவை. ட்ரெய்லருக்கு மின்சாரம் தரும் பிளக்கைப் பம்பரின் விளிம்புக்கு மேலே உள்ளடக்கி வைத்த வடிவம் நல்லது. கீழே தொங்கும் பிளக்கை முதல் கல்லே உடைத்துவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர்): மஹிந்திரா தார் வண்டிக்கு இதேபோன்ற எஃகுப் பின்பம்பரை இங்கே போடலாமா?

பதில்: இந்தியாவில் சட்டத்தின் நோக்கு வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டுகளும் புல் பார்களும் இந்தப் பிரிவுக்கு முரணானவை என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே வெளிச்சந்தைப் பம்பரை வாங்கிவிட்டு அனுமதி கேட்கப் போகாதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி (மெல்பேர்ன்): கிப் ரிவர் சாலைக்குப் போகிறோம். புதிய பம்பரை மாட்டியாயிற்று. கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது என்ன?

பதில்: மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் சுமார் 660 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையின் அலைமேடுகள் போல்ட்டுகளைத் தளர்த்துவதில் வல்லவை. சேஸி போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த திருகுவிசைக்கு இறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் சட்டத்திலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள்; கோடு விலகினால் தளர்ந்ததைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். முதல் நாள் மாலையிலும், பிறகு எரிபொருள் போட நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் பாருங்கள். பற்றவைப்புகளின் ஓரத்தில் துருநிறக் கீற்று தெரிந்தால், விரிசல் தொடங்கிவிட்டதாகக் கொண்டு அங்கேயே நில்லுங்கள். எடையைப் பகிரும் ஸ்பிரிங் கம்பிகளைக் கேரவனில் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஓடைகளைக் கடக்கும் முன் கழற்றிவிடுங்கள். வண்டியும் கேரவனும் வெவ்வேறு கோணத்தில் மடியும்போது அவை ரிசீவரை முறுக்கும். ஸ்பேர் வீல் தாங்கியின் கீலையும் பூட்டையும் தூசு போகத் துடைத்துவிட்டு, கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வீலைக் கழற்றி வண்டிக்குள் வைத்துக்கொண்டு பயணத்தைத் தொடருங்கள்.