பிள்ளையின் வாயில் 24, புத்தகத்தில் 32: பல் பாடம் பற்றிக் கேள்வி பதில்

பாபநாசம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் முப்பது வருடம் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். பல் மருத்துவன் இல்லை. வைத்தியக் கேள்வி வந்தால் சுருக்கமாக நிறுத்திக்கொள்வேன். பல் பாடத்தைப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது என்று கேட்டால் விடிய விடியப் பேசுவேன்.

ஐயா, ஐந்தாம் வகுப்பில் மனிதனுக்கு 32 பற்கள் என்று நடத்தினேன். ஒரு பெண் கண்ணாடி பார்த்து எண்ணிவிட்டு, "டீச்சர், எனக்கு 24தான் இருக்கு, மீதி எட்டு எங்கே?" என்றாள். பெரியவளானால் வரும் என்று சமாளித்தேன். சரிதானா? (ஆசிரியை, வலங்கைமான்)

சொன்னது சரிதான் டீச்சர். ஆனால் அந்தப் பெண் பாடத்தையே உங்கள் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், நீங்கள் விட்டுவிட்டீர்கள். அவள் கணக்கு சுத்தம். பால் பல் 20. ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் மூலைக்கு ஒன்றாக நாலு கடைவாய்ப்பல் முளைக்கும். ஆக 24. அப்புறம் பன்னிரண்டு வயது வரை ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் ஒன்று, அவ்வளவுதான். நடுவில் பொக்கை இருக்கும் நாட்களில் ஒன்றிரண்டு குறையும். பன்னிரண்டை ஒட்டி இன்னும் நாலு, 28. பதினேழுக்கு மேல் ஞானப்பல் நாலு, 32. எல்லாமே நாலாம் வாய்ப்பாடு! ஞானப்பல் எல்லாருக்கும் வருவதில்லை. அறுபது தாண்டிய எனக்கு இரண்டுதான் வந்தது.

அதனால் சார்ட்டை மாட்டுவதற்கு முன்னால் பிள்ளைகளை எண்ண விடுங்கள். வாய்க்குள் விரல் வேண்டாம், நாக்கு நுனியே போதும். மேல் வரிசையில் வலக்கோடியிலிருந்து இடக்கோடி வரை, அப்புறம் கீழ் வரிசை. ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும், வகுப்பில் சண்டையே வரும். அந்தச் சண்டைதான் பாடம்.

வேலைகளை எப்படிப் புரிய வைப்பது? வெட்டும், கிழிக்கும், அரைக்கும் என்று ஒப்பிக்கிறார்கள். எந்தப் பல் என்று கேட்டால் முழிக்கிறார்கள். (இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், நீடாமங்கலம்)

பொங்கல் சமயம் என்றால் ஆளுக்கு ஒரு துண்டு கரும்பு கொடுத்துவிடுங்கள் அம்மா. கணுவைத் தாண்டித் தோலை உரிக்கும்போது யாரும் நேர்முன் பல்லை வைப்பதில்லை. தலையைச் சாய்த்து ஓரத்துக் கோரைப்பல்லால் பற்றி இழுப்பார்கள். உரித்ததைக் கடைவாய்க்குத் தள்ளிச் சாறு பிழிவார்கள். சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

மற்ற நாளில் கொய்யாவும் வேர்க்கடலையும் போதும். கொய்யாவைக் கடைவாயால் கடித்துத் துண்டு எடுக்கச் சொல்லுங்கள். வேர்க்கடலையை முன்பல்லால் மட்டும் மாவாக்கச் சொல்லுங்கள். இரண்டும் நடக்காது, சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள். பிறகு வீட்டுச் சாமானோடு சேருங்கள்: வெட்டுப்பல் அரிவாள்மனை, கடைவாய்ப்பல் அம்மி.

கடைவாயில் மட்டும் ஏன் அவ்வளவு பலம் என்று ஒருத்தனாவது கேட்பான். பாட்டியின் பாக்குவெட்டியைக் காட்டுங்கள். கொட்டைப்பாக்கை நுனியில் வைத்தால் நசுங்காது, மூட்டுப் பக்கம் வைத்தால் பட்டென்று உடையும். தாடையின் மூட்டு காதுக்கு முன்னால். கடைவாய்ப்பல் அதற்குப் பக்கம்.

(விடைத்தாளில் "கோரைப்புல்" என்று எழுதுவார்கள். வயலில் களை பறிக்கிற வீட்டுப் பிள்ளைகள், கோபப்படாதீர்கள்.)

முன்கடைவாய்ப்பல், பின்கடைவாய்ப்பல் வித்தியாசம் எனக்கே குழப்பம் சார். (ஆசிரியர், மன்னார்குடி)

நாக்கால் தடவிப் பாருங்கள் சார். கோரைப்பல்லுக்கு அடுத்து இரண்டு மேடு உள்ளவை முன்கடைவாய்ப்பல், மூலைக்கு இரண்டு, மொத்தம் 8. அதற்குப் பின்னால் அகலமாக நாலைந்து மேடுகளோடு இருப்பவை பின்கடைவாய்ப்பல், ஞானப்பல்லோடு சேர்த்து 12. பால் பல்லில் முன்கடைவாய்ப்பல்லே கிடையாது. அங்கே வெட்டுப்பல் 8, கோரைப்பல் 4, கடைவாய்ப்பல் 8. அந்தக் கடைவாய்ப்பல் எட்டும் விழுந்த இடத்தில்தான் முன்கடைவாய்ப்பல் எட்டும் முளைக்கின்றன.

மாட்டுக்கு மேலே முன்பல் இல்லை என்று தாத்தா சொல்கிறார். நிஜமா? (ஏழாம் வகுப்பு மாணவன், திருத்துறைப்பூண்டி)

நிஜம் தம்பி. மேல் தாடையின் முன்புறம் பல்லுக்குப் பதிலாகக் கெட்டியான மெத்தை மாதிரி ஈறுதான். கீழே எட்டுப் பல். புல்லை நாக்கால் வளைத்துக் கீழ்ப்பல்லுக்கும் அந்த மெத்தைக்கும் நடுவே கவ்வி, தலையை வெடுக்கென்று இழுத்து அறுக்கும். சந்தையில் வாயைப் பிளந்து பார்ப்பதும் அந்தக் கீழ்ப்பல்லைத்தான். பால் பல் விழுந்து நடு ஜோடி முளைத்தால் "ரெண்டு பல்", ஏறக்குறைய இரண்டு வயது. அப்படியே நாலு, ஆறு. எட்டும் முளைத்துவிட்டால் "கடை சேர்ந்த மாடு". உன் தாத்தா மாட்டுக்குச் செய்வதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் செய்கிறேன், பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவேன்.

என் பையனுக்கு ஆறரை வயது. கடைசிப் பல்லில் கறுப்புக் குழி. பால் பல்தானே, விழுந்துவிடும் என்று மாமியார் சொல்கிறார். (கும்பகோணம்)

அம்மா, முதல் பதிலில் சொன்ன அந்த நாலில் ஒன்றாக இருந்தால் அது விழவே விழாது. ஆயுசுக்கும் அதுதான். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் முளைப்பதால் பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். மேற்புறப் பள்ளங்களில் சாப்பாடு தங்கிச் சீக்கிரம் சொத்தையாகும். இந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டுங்கள். பால் பல்லாகவே இருந்தாலும் காட்ட வேண்டியதுதான்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்கிறோமே, வேப்பங்குச்சி அவ்வளவு நல்லதா? (திருவையாறு)

அந்த வேல் வேம்பு இல்லை, கருவேல். வேப்பங்குச்சியும் பழக்கத்தில் உண்டு, ஆனால் பழமொழியை அதற்குச் சாட்சியாகக் கூப்பிட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், காலையும் இரவும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நிறைய வேண்டாம்.

விளையாட்டு மைதானத்தில் பல் தெறித்து விழுந்தால் என்ன செய்வது? (உடற்கல்வி ஆசிரியர், மயிலாடுதுறை)

நிலையான பல் என்றால் வேரைத் தொடாமல் தலைப்பக்கம் பிடியுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். உடனே குழியில் வைக்க முடிந்தால் வையுங்கள், இல்லையென்றால் பாலில் போட்டு அரை மணிக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். பால் பல்லைத் திரும்ப வைக்கக்கூடாது.

விழுந்த பல்லைச் சாணி உருண்டையில் வைத்துக் கூரை மேல் எறியச் சொல்கிறார் பாட்டி. பிள்ளைக்கு என்ன சொல்வது? (திருவாரூர்)

எறியட்டும், அதில் என்ன கெடுதல்? ஆனால் அதற்கு முன்னால் கழுவிக் கையில் கொடுத்து அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். வேர் இருக்காது. உடைந்து உள்ளே தங்கிவிட்டதோ என்று பிள்ளை பயப்படும். கீழிருந்து புதுப் பல் மேலே வர வர, பால் பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறது. அதனால்தான் ஆடி ஆடி வலிக்காமல் விழுகிறது. பார்த்து முடித்ததும் சாணி உருட்டலாம். மாடி வீடு என்றால் தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.