ரபி என்பவர் பூசாரியா?

யூதர்களின் ரபியும் பூசாரியும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எருசலேம் ஆலயத்தில் பலி செலுத்தியவர்கள் மோசேயின் அண்ணன் ஆரோன் வழிவந்த பூசாரிகள். அது பிறப்பால் வருவது. கி.பி. 70இல் ரோமானியர்கள் ஆலயத்தை இடித்ததும் அவர்களுக்கு வேலையே இல்லாமல் போனது. அப்புறம் மேலே வந்தவர்கள்தான் ரபிகள். இது படித்துப் பெறும் தகுதி. சொல்லுக்கே 'என் ஆசான்' என்றுதான் பொருள். அவர்கள் தலைமுறைகளாக விவாதித்த சட்டங்களைச் சுமார் கி.பி. 200இல் யூதா ஹநாசி என்ற ரபி, மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பாகத் தொகுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், ரொம்ப காலம் ரபியாக இருப்பதற்குச் சம்பளம் கிடையாது. 12ஆம் நூற்றாண்டின் மாபெரும் ரபி மைமோனிடிஸ் எகிப்தில் வைத்தியம் பார்த்தவர். யூதர்களின் மறைநூலான தோராவைக் காட்டிப் பிழைப்பு நடத்துவதைக் கடுமையாகக் கண்டித்தார். ஐரோப்பாவில் மத்திய காலத்தின் பிற்பகுதியில்தான் சம்பள ரபிகள் பரவலானார்கள். இன்றும் கூட்டு வழிபாட்டுக்கு ரபி கட்டாயமில்லை, வயது வந்த பத்துப் பேர் கூடினால் சரி.