வாசகர் கேள்வி–பதில்: சாய்தளம் கட்டியாயிற்று, போதுமா?

கேள்வி: எங்கள் பள்ளி வாசலில் சாய்தளம் இருக்கிறது. வரும் ஆண்டில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பிள்ளையும், பார்வை குறைந்த ஒரு பிள்ளையும் சேர்கிறார்கள். கட்டடம் அவர்களுக்கு ஏற்றதா என்று பெற்றோர்களாகிய நாங்களே சோதிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். 5 மீட்டர் டேப், 1 மீட்டர் நீள ரசமட்டம் (கொத்தனார் மட்டம் பார்க்கும், குமிழி உள்ள கருவி), கட்டடத்தின் வரைபடம் ஆகியவை போதும். அறை அறையாகப் பார்க்காமல் வழி வழியாகப் பாருங்கள். கேட்டிலிருந்து வகுப்பு, அங்கிருந்து கழிப்பறை, குடிநீர்க் குழாய், நூலகம், மைதானம் என்று நடந்துபோய், தடைபடும் இடத்தையெல்லாம் வரைபடத்தில் குறியுங்கள். நடுவில் ஒரே ஒரு படி குறுக்கிட்டால், அதற்கு அப்பால் செய்திருக்கும் எந்த வசதியும் அந்தப் பிள்ளைக்கு எட்டாது.

முதலில் சாய்தளத்தையே அளந்துவிடுங்கள். 1 அடி ஏற 12 அடி நீளம் வேண்டும்; இதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. 45 செ.மீ. உயரத் திண்ணைக்கு 5.4 மீட்டர் சாய்தளம் தேவை. இடமில்லை என்று 3 மீட்டரில் முடித்துவிடுவார்கள். அதில் பிள்ளை தானாக ஏற முடியாது. இறங்கும்போது நாற்காலி கைமீறி ஓடும். ரசமட்டத்தின் ஒரு முனையைச் சாய்தளத்தில் மேட்டுப் பக்கமாக வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை பள்ளப் பக்கத்து மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 8.3 செ.மீ.க்கு மேல் போனால் சரிவு அதிகம். மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். அடிப்பகுதி மட்டும் செங்குத்தாக இருப்பது சகஜம். உச்சியில் 150 செ.மீ.க்கு 150 செ.மீ. சமதளமும் வேண்டும். அது இல்லாவிட்டால், கதவைத் திறக்கச் சக்கரத்திலிருந்து கையெடுத்ததும் நாற்காலி பின்னால் உருளும்.

கதவில் நிலைச்சட்டத்தை அளக்காதீர்கள். கதவை 90 பாகை திறந்துவைத்து, அதன் முகத்திலிருந்து எதிர்ப்பக்க நிலைச்சட்டம் வரை அளந்தால் குறைந்தது 80 செ.மீ. இருக்க வேண்டும். இரட்டைக் கதவில் ஒன்று எப்போதும் தாழிட்டே கிடந்தால், திறக்கும் பாதியைத்தான் கணக்கில் சேர்க்கலாம்.

கேள்வி: தனிக் கழிப்பறை ஒன்று இருக்கிறது. அதில் எதைப் பார்ப்பது?

பதில்: பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துடைப்பமும் வாளியும் அடுக்கும் அறையாக அது மாறிவிடுவது மிகவும் வருத்தமான விஷயம். பிறகு, உள்ளே 150 செ.மீ. விட்டத்துக்கு நாற்காலி திரும்ப இடம் வேண்டும். கழிப்பறைக் கோப்பையின் ஒரு பக்கமாவது நாற்காலியைச் சேர்த்து நிறுத்த 90 செ.மீ. இருக்கட்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே பிள்ளை விழுந்துவிட்டால் உட்பக்கம் திறக்கும் கதவை உடலே அடைத்துக்கொள்ளும். கைப்பிடிக் கம்பியைப் பெரியவர் ஒருவர் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்க்கட்டும். சுவரில் இறங்காமல், சுவர் டைல்ஸின் மேல் மட்டும் திருகிய கம்பி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: சோதித்ததில் ஏகப்பட்ட குறைகள். கையில் பணம் குறைவு. எதை முதலில் சரிசெய்வது?

பதில்: செலவில்லாதவற்றை இந்த வாரமே முடியுங்கள். அந்தப் பிள்ளையின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். ஆய்வகமும் நூலகமும் மாடியில் இருந்தால் அந்தப் பாடவேளையை முழு வகுப்போடும் கீழே நடத்துங்கள். தாழ்வாரத்துப் பூந்தொட்டிகளையும் பெஞ்சுகளையும் ஒதுக்குங்கள். வெளிப்பக்கம் திறந்தே நிற்கும் ஜன்னல் கதவுகள் பார்வை குறைந்த பிள்ளையின் முகத்தில் இடிக்கும்; மாடிப்படியின் அடிப்பக்கமும் அப்படித்தான். தலைக்கு மேல் 2 மீட்டர் இல்லாத இடத்தில் யாரும் நுழையாதபடி தடுப்பு வையுங்கள்.

அடுத்தது ஒரு டப்பா பெயின்ட். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 5 செ.மீ. அகலத்துக்கு, தரைநிறத்துக்கு நேர்மாறான நிறத்தில் பட்டை அடியுங்கள். முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் அடித்துவிட்டு நடுப்படிகளை விட்டுவிடாதீர்கள்.

பெரிய செலவு என்றால் கழிப்பறைக்கே முன்னுரிமை. போக வழியில்லாத பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும். வேலை முடிந்ததும், பிள்ளைக்கு விருப்பமிருந்தால் அதே வழியில் ஒருமுறை போய்வரச் சொல்லி, எங்கே தயங்குகிறது என்று கவனியுங்கள். அவசரகால வெளியேற்றப் பயிற்சியின்போதும் அதையே செய்யுங்கள்.