ஆமைகள் சாவது எதனால்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் அத்தனை ஆமைகள் செத்து ஒதுங்கினவே, கடல் கெட்டுப்போனதுதான் காரணமா? எண்ணூர் எண்ணெய்க் கசிவின் பின்விளைவு என்கிறார் என் தோழி.
– வாசகி, திருவான்மியூர்

பதில்: 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கலந்து பரவிய அந்த எண்ணெய், கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தையும் அங்கே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த குடும்பங்களையும் பாழாக்கியது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இந்த ஆமைகளைக் கொன்றது எண்ணெய் இல்லை, வலை.

அந்த ஒரு மாதத்தில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் (செய்திகளில் ஆலிவ் ரிட்லி என்று வருவது இதுதான்) செத்து ஒதுங்கின. பலவற்றுக்குக் கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. அது மூச்சுமுட்டிச் செத்ததன் அடையாளம். ஆமை கடலில் வாழ்ந்தாலும் நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் பிராணி, அடிக்கடி மேலே வந்து காற்றை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இறாலுக்காகக் கடலடியில் இழுக்கும் மடி என்ற பை போன்ற இழுவை வலையை விசைப்படகுக்காரர்கள் இரண்டு மூன்று மணி நேரம் தூக்குவதே இல்லை. அதற்குள் சிக்கிய ஆமை திமிறத் திமிற, உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. முட்டையிடுவதற்காக அவை கரைக்கு அருகே கூடும் மாதங்களில்தான் இது நடக்கிறது என்பதால் சாவது பெரும்பாலும் வளர்ந்த ஆமைகள். ஓர் ஆமை முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். பெசன்ட் நகர் பக்கம் 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்து, குஞ்சு பொரிக்கவைத்துக் கடலுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் தாய் ஆமைகளையே இப்படி இழந்துகொண்டிருந்தால், எத்தனை குஞ்சுகளை விட்டாலும் ஈடாகாது.

கேள்வி: வருஷத்துக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே, அது போதாதா?
– வாசகர், கடலூர்

பதில்: நாட்களைப் பாருங்கள். கிழக்குக் கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை அது. ஆமைகள் முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை, அதாவது தடை தொடங்கும்போது ஆமைகளின் வேலை ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும். ஒடிசாவில் தேவி, ருஷிகுல்யா போன்ற முகத்துவாரங்களை ஒட்டி நவம்பர் முதல் மே இறுதிவரை தனியாக ஒரு தடை உண்டு. நம் மாநிலத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், இழுவைப் படகுகள் தொழில் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை அந்த மூன்று மாதமாவது கறாராக நடைமுறைப்படுத்தினாலே போதும், பெரும்பாலான சாவுகள் நின்றுவிடும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எதற்கெடுத்தாலும் மீனவனைக் குற்றவாளி ஆக்குவதே உங்களுக்கு வேலையா? நாங்கள் ஆமையைச் சாமியாகப் பார்க்கிறவர்கள்.
– மீனவ வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. ஃபைபர் படகிலும் கட்டுமரத்திலும் போகிறவர்களை நான் சொல்லவில்லை. சொல்லப்போனால், கரையோரத்தில் இழுவை மடி ஓடுவதால் ஆமைக்கு அடுத்து அடி வாங்குவது நீங்கள்தான், உங்கள் வலையும் அறுந்துபோகிறது, குஞ்சு மீனெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுகிறது. விசைப்படகுக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: 1953இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்திலிருந்து, இயந்திரப் படகு வாங்கு, ஏற்றுமதிக்கு இறால் பிடி என்று அவர்களைத் தூண்டியதே அரசுகள்தான். இறால் கிடைப்பதோ கரையோரத்தில். டீசல் விற்கிற விலையில் தூரம் போ என்று வாயால் சொல்லிவிட்டால் போதாது.

ஆமை சாகாமல் இருக்க ஒரு வழி உண்டு. இழுவை வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டமும் அதன் மேல் ஒரு திறப்பும் வைத்துவிட்டால், இறால் கம்பி இடுக்கு வழியாக உள்ளே போகும், ஆமை சட்டத்தில் முட்டித் திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடியே ஒன்றை வடிவமைத்திருக்கிறது. மீனும் கொஞ்சம் நழுவிவிடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள், சரி, அந்த இழப்பை அரசு ஏற்கட்டும். இந்தக் கம்பிச் சட்டத்தை வலையில் பொருத்தாததைக் காட்டித்தான் 2019 முதல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதில்லை. ஏற்றுமதியில் போன அந்தப் பணத்தோடு ஒப்பிட்டால் நழுவும் மீனின் மதிப்பு ஒன்றுமே இல்லை.

கேள்வி: கரையில் ஆமைக்குஞ்சைப் பார்த்தால் தூக்கிக் கடலில் விடலாமா?
– பள்ளி மாணவி, மாமல்லபுரம்

பதில்: தூக்காதே அம்மா, அது தானே ஊர்ந்து போகட்டும். நாயோ காக்கையோ வந்தால் மட்டும் விரட்டிவிடு. செல்போன் டார்ச் அடிக்காதே, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதே: இரவில் வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் குஞ்சு போகும், தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்கு ஏறிச் சாகும் குஞ்சுகள் ஏராளம். வழி தவறிய குஞ்சுகளைக் கண்டால் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தெரிவிக்கச் சொல். கடலோரத்தில் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் ஜனவரியிலிருந்து மே வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள்.